உயர்த்திய ஜீப்பும் பிரேக் குழாயும்

மோட்டார் பொறியியல் கற்பிக்கும் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னரும் பழைய மாணவர்கள் தம் ஐயங்களுடன் என் வீட்டுக்கு வருவதுண்டு. அவ்வாறு வந்த ஓர் இளைஞர் கேட்ட கேள்வி ஒன்றையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். கேள்வி சிறியது. விடையும் ஒரு வாக்கியத்தில் அடங்குவது போலத் தோன்றும். ஆயினும் அந்த விடையைத் தவறாகக் கொள்வோர் மலைச்சரிவில் உயிரையே விலையாகத் தர நேரிடும். ஆகையால் அதைச் சற்று விரித்துரைத்தல் பயனுடையதாகும் என எண்ணுகிறேன்.

அவ்விளைஞரிடம் பழைய ஜீப் ஒன்று இருந்தது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலைகளில் அதை ஓட்டுவதில் அவருக்கு மிகுந்த விருப்பம். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து செல்லும் கரடுமுரடான பாதையைக் கண்டவர்கள், அங்கு ஏன் ஜீப்புகளே ஓடுகின்றன என்பதை உடனே உணர்வார்கள். பாறை வண்டியின் வயிற்றில் இடிக்காதிருக்கும் பொருட்டு, நம் நண்பர் ஒரு பட்டறையில் ஜீப்பை 3 அங்குலம் உயர்த்திக்கொண்டார். மிகுதியாக வளைந்த புதிய ஸ்பிரிங் பட்டைகளும் அவற்றுக்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பர்களும் பூட்டப்பெற்றன.

"ஐயா, பட்டறைக்காரர் பிரேக் குழாயை நீட்ட வேண்டியதில்லை என்கிறார். என் நண்பர் ஒருவர் கட்டாயம் நீட்ட வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?" என்று அவர் வினவினார்.

"இருவரும் அளந்து பார்த்தார்களா, தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்றார். "அப்படியானால் இருவர் சொல்லும் இப்போதைக்கு வேண்டாம். வண்டியையே கேட்போம், வாருங்கள்" என்று அவருடன் புறப்பட்டேன்.

வண்டியை எவ்வாறு கேட்பது என்பதைச் சொல்லுமுன், பிரேக் குழாய் என்பது யாது, அது ஏன் அங்கு இருக்கிறது என்பவற்றைத் தெரிந்துகொள்வோம்.

நீங்கள் பள்ளியில் பாஸ்கல் விதியைப் படித்திருப்பீர்கள். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 1623-இல் பிறந்து 1662-இல் மறைந்தவர். திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல், அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது அவ்விதி. இந்த ஒரு விதியின் மீதே இன்றைய மோட்டார் வண்டிகளின் பிரேக் அமைப்பு நிற்கிறது.

ஓட்டுநர் தம் காலால் மிதியை 20 கிலோகிராம் விசையுடன் அழுத்துகிறார் எனக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அது விசையை ஆறு மடங்காக்கினால் 120 கிலோகிராம் ஆகிறது. மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 30 கிலோகிராம் அழுத்தம் உண்டாகிறது. பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தை அப்படியே நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு செல்கிறது. அங்குள்ள சிறு பிஸ்டன்கள் பிரேக் கட்டைகளை உந்த, சக்கரம் நிற்கிறது.

இதற்கு முன்பெல்லாம் கம்பிகளும் தண்டுகளும் கொண்டே பிரேக் இழுக்கப்பட்டது. ஆனால் சக்கரமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. மேலும் கீழும் குதிக்கிறது. முன்சக்கரமாயின் இடமும் வலமும் திரும்பவும் செய்கிறது. இவ்வாறு அலையும் பொருளுக்கு விறைப்பான தண்டுகளால் நான்கு பக்கமும் ஒரே அளவாக விசையை அனுப்புவது கடினம். அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் திரவ பிரேக் அமைப்பை உருவாக்கி, 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் நிறுவனத்தார் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் பொருத்திய காரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதே ஆண்டில் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி ஓட்டி வெற்றி பெற்ற டூசன்பர்க் காரிலும் திரவ பிரேக்கே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் உருவான வில்லிஸ் ஜீப்பிலும் இவ்வமைப்பே அமைந்தது.

இனி, நம் கேள்விக்கு உயிர்நாடியான பகுதிக்கு வருவோம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் பிரேக் ஆயில், முதலில் மெல்லிய எஃகுக் குழாய்களின் வழியே வண்டியின் அடிச்சட்டத்தை ஒட்டி ஓடுகிறது. அடிச்சட்டம் ஒரு பொருள்; அதன் கீழே உள்ள அச்சு வேறொரு பொருள். இரண்டுக்கும் இடையே ஸ்பிரிங் இருக்கிறது. ஆகையால் அச்சு, சட்டத்தை நெருங்கியும் விலகியும் இடையறாது அசைகிறது. எஃகுக் குழாயை நேரே அச்சுக்குக் கொண்டு சென்றால் சில நாட்களில் அது களைத்து ஒடிந்துவிடும். எனவே சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே வளையக்கூடிய ரப்பர் குழாய் ஒன்றை இணைக்கிறார்கள். பட்டறைகளில் இதை 'பிரேக் ஹோஸ்' என்பர். முன்சக்கரங்கள் திரும்பவும் வேண்டியிருப்பதால் அங்கும் இத்தகைய குழாய்கள் உண்டு.

இந்த ரப்பர் குழாய் பார்ப்பதற்கு எளியது. ஆனால் அதன் பணி எளியதன்று. உள்ளே ரப்பர், நடுவில் பின்னிய நூற்படலம், வெளியே மீண்டும் ரப்பர் எனப் பல அடுக்குகளாக அது அமைந்துள்ளது. அமெரிக்க நாட்டு விதிகளின்படி, இத்தகைய குழாய் ஒரு சதுர அங்குலத்துக்கு 4,000 பவுண்டு அழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும். வளைத்துச் சுழற்றும் பொறியில் 35 மணி நேரம் தொடர்ந்து ஓட்டியும் உடையாதிருக்க வேண்டும். இவ்வளவு சோதனைகளையும் வெல்லும் குழாய் ஒன்றை மட்டும் தாங்காது. இரு முனைகளையும் பிடித்து இழுப்பதற்காக அது செய்யப்படவில்லை. அச்சும் அதனோடு சேர்ந்த சக்கரங்களும் நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளவை. அவ்வெடை குழாயில் தொங்குமானால், முனையில் உள்ள உலோகப் பிடி ரப்பரைக் கிழிக்கும். அல்லது குழாய் பிடுங்கிக்கொள்ளும்.

பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றே உண்டு. பாஸ்கல் விதி மூடிய கலத்துக்கே பொருந்தும் என்பதை நினைவு கூருங்கள். ஓரிடத்தில் திறப்பு ஏற்பட்டால், மிதியை அழுத்த அழுத்த ஆயில் அவ்வழியே வெளியேறுமேயன்றி வேறெங்கும் அழுத்தம் எழாது. ஒரு குழாய் அறுந்தால் நான்கு சக்கரங்களும் பிரேக்கை இழக்கின்றன. இவ்வபாயத்தை நீக்கவே பிற்காலத்தில் சுற்றை இரண்டாகப் பிரித்தார்கள். அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. இரட்டைச் சுற்றுள்ள வண்டியிலும் ஒரு குழாய் அறுந்தால் பாதி பிரேக்கே எஞ்சும். மலையிறக்கத்தில் பாதி பிரேக் என்பது மிகச் சிறிய ஆறுதலே.

இப்போது அளவுக்கு வருவோம். காகிதமும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நம் நண்பரின் ஜீப்பில் பின் அச்சுக்குச் செல்லும் குழாயை நான் அளந்தேன். கணக்குக்கு எளிதாக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன்.

உயர்த்துவதற்கு முன், குழாயின் மேல்முனை கீழ்முனையைவிட 8 அங்குலம் உயரத்தில் இருந்தது. கிடையாக இரண்டுக்கும் 6 அங்குல விலக்கம். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் 6, 8 என்றால் மூன்றாவது பக்கம் 10 என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். குழாயின் நீளம் 14 அங்குலம். ஆகவே வண்டி நிற்கும்போது 4 அங்குலம் மிகுதி இருந்தது. அதுவே நாம் காணும் தொய்வு. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அச்சு சட்டத்தைவிட்டு மேலும் 3 அங்குலம் கீழிறங்க ஷாக் அப்சார்பர் இடங்கொடுத்தது. அப்பொழுது உயரம் 11. நேர்த்தூரம் சுமார் 12.5 அங்குலம். மிகுதி 1.5 அங்குலம். உற்பத்தி செய்தவர்கள் கணக்கிட்டே இந்த நீளத்தை வைத்திருந்தார்கள்.

இனி 3 அங்குலம் உயர்த்திய பின் பாருங்கள். வண்டி சும்மா நிற்கும்போதே உயரம் 11, நேர்த்தூரம் 12.5. குழாய் 14 அங்குலம். இன்னும் ஒன்றரை அங்குலத் தொய்வு கண்ணுக்குத் தெரிகிறது. பட்டறைக்காரர் குனிந்து பார்த்து, "தொய்வு இருக்கிறதே, போதும்" என்று சொன்னது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை. அச்சு முன்போல் 3 அங்குலம் கீழிறங்கட்டும். உயரம் 14. ஆறின் வர்க்கம் 36; பதினான்கின் வர்க்கம் 196; கூட்டினால் 232; அதன் வர்க்கமூலம் சுமார் 15.2. குழாயோ 14 அங்குலமே. ஓர் அங்குலத்துக்கு மேல் பற்றாக்குறை! தரையில் தொய்வாகத் தெரிந்த அதே குழாய், பள்ளத்தில் வில்லின் நாணாக இழுபடும்.

இதுதான் இன்று நான் வற்புறுத்த விரும்பும் உண்மை. அச்சு நிற்கும் இடத்தை வைத்துக் குழாயின் நீளத்தை முடிவு செய்யலாகாது. அச்சு செல்லக்கூடிய கடைசி எல்லையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், வண்டி என்ன சொல்லிற்று என்று கேட்பீர்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தில் அடிச்சட்டத்தின் கீழ் ஜாக்கி கொடுத்து மெல்ல உயர்த்தினோம். சட்டம் மேலேற, அச்சு தன் எடையால் கீழே தொங்கத் தொடங்கியது. நண்பர் ஜாக்கியை இயக்க, நான் கைவிளக்குடன் குழாயைக் கவனித்தேன். அச்சு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இறங்கியதும் குழாய் நேர்க்கோடாயிற்று. ஷாக் அப்சார்பர் இன்னும் நீளவேண்டியிருந்தது. "நிறுத்துங்கள்!" என்றேன்.

அருகில் சென்று குழாயின் கீழ்முனையைத் துடைத்துப் பார்த்தபோதுதான் என் நெஞ்சு திடுக்கிட்டது. உலோகப் பிடியை ஒட்டி, ரப்பரில் சுற்றிலும் மெல்லிய பிளவு ஓடியிருந்தது. உள்ளிருந்த நூலின் நிறம் அதில் தெரிந்தது. "தம்பி, உயர்த்திய பின் இந்த வண்டியில் எங்காவது சென்றீர்களா?" என்று கேட்டேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நால்வருடன் மலைக்குப் போய் வந்ததாகச் சொன்னவர், நான் காட்டிய இடத்தைப் பார்த்ததும் பேச்சற்றுப் போனார். அவருடைய ஜீப்பில் ஒற்றைச் சுற்றுதான். ஐந்து பேரின் உயிரும் அந்த நூற்படலத்தில் தொங்கிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறது. அடுத்த வாரமும் செல்லத் திட்டமிட்டிருந்தாராம்.

எனவே, உயர்த்தினால் குழாயை நீட்டியே ஆகவேண்டுமா என்றால், எல்லா வண்டிக்கும் பொதுவாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது. எவ்வாறு உயர்த்தப்பட்டது என்பதை முதலில் கேட்க வேண்டும். வண்டியை உயர்த்தும் வழிகள் மூன்று உண்டு.

முதலாவது, பெரிய டயர் மாட்டுதல். 28 அங்குல விட்டமுள்ள டயருக்குப் பதில் 31 அங்குல டயர் மாட்டினால் வண்டி ஒன்றரை அங்குலம் உயரும். ஆனால் அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் மாறவில்லை. இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன. குழாயை நீட்டத் தேவையில்லை. எனினும் திரும்பும்போது பெரிய டயர் குழாயில் உராய்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலும் சக்கரத்தின் ஆரம் 14-லிருந்து 15.5 அங்குலமாகும்போது, அதே பிரேக் முறுக்கத்தால் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது, உடற்கூட்டை மட்டும் உயர்த்துதல். சட்டத்துக்கும் மேலே உள்ள கூட்டுக்கும் இடையே கட்டைகளை வைப்பார்கள். இங்கும் அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் மாறாது. ஆகவே அச்சுக்குச் செல்லும் ரப்பர் குழாய்க்குத் தொல்லையில்லை. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் கூட்டில் பொருத்தப்பட்டு, எஃகுக் குழாய்கள் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும் வண்டிகளில், இவ்விரண்டுக்கும் இடையே உள்ள குழாய்கள் இழுபடும். இழுபட்ட எஃகுக் குழாய் உடனே ஒடியாமல் பல மாதங்கள் கழித்தும் ஒடியக்கூடும். எனவே அங்கே சோதனை வேண்டும்.

மூன்றாவது, ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்துதல். நம் நண்பர் செய்தது இதுவே. கேள்வி முழுவேகத்துடன் எழுவது இங்கேதான். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அச்சு கீழிறங்கும் எல்லையைப் பல வண்டிகளில் ஷாக் அப்சார்பரின் நீளமே தீர்மானிக்கிறது. ஒருவர் ஸ்பிரிங்கை மட்டும் 3 அங்குலம் உயர்த்திவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொண்டார் எனக் கொள்வோம். நம் கணக்கின்படி, பழைய எல்லை 11 அங்குல உயரம். புதிய ஸ்பிரிங்கில் வண்டி நிற்கும் உயரமும் அதே 11. குழாய் தப்பிவிடும்! ஆனால் ஷாக் அப்சார்பர் நின்ற நிலையிலேயே முழுதும் நீண்டுவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது தன் முனையில் இடித்துக்கொண்டு விரைவில் பாழாகும். அது பாழானபின் எல்லையும் இல்லை, குழாயும் இல்லை. ஒரு பொருளை மாற்றினால் அதனோடு உறவுடைய மற்றப் பொருள்களையும் நினைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

குறை தெரிந்தபின் அதைத் தீர்ப்பது எவ்வாறு? இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, குழாயின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தாங்கியைக் கீழே இறக்குதல். சட்டத்தில் உறுதியான ஒரு நீட்டிப்புத் தகட்டைப் பொருத்தி, மேல்முனையை 3 அங்குலம் தாழ்த்தினால், அச்சு முழுதும் தொங்கும்போது உயரம் 14-லிருந்து மீண்டும் 11 ஆகிறது. பழைய கணக்கே திரும்பிவிடுகிறது. அதே நீளக் குழாய் போதும். ஆனால் தாங்கியுடன் வரும் எஃகுக் குழாயை நசுங்காமல் மெல்ல வளைத்துக்கொள்ள வேண்டும். அச்சு முழுதும் மேலேறும்போது, தாழ்ந்த தாங்கியின் அருகில் குழாய் மடங்கி நசுங்காதிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, நீளமான புதிய குழாய். நம் கணக்கில் 15.2 அங்குலமும் பழைய மிகுதியான ஒன்றரை அங்குலமும் சேர்ந்து ஏறத்தாழ 17 அங்குலக் குழாய் தேவை. நீளம் கூடினால் நல்லதுதானே என்று 22 அங்குலக் குழாயை மாட்டுவோரும் உளர். அதுவும் பிழையே. மிகுந்த நீளம் கீழே தொங்கும், பாறையில் சிக்கும், ஸ்பிரிங் பட்டையில் உராயும், புகைக்குழாயின் சூட்டில் வேகும். அறுபடும் காரணம் மாறுகிறதேயன்றி அறுபடுவது மாறவில்லை. நீளமான குழாயை வாங்கும்போது, அது மோட்டார் பிரேக்குக்கென்று தர விதிகளின்படி செய்யப்பட்டதா என்பதை உறுதி செய்யுங்கள். இரு பழைய குழாய்களை ஒட்டிணைத்து நீட்டுதல், வேறு பணிகளுக்கான ரப்பர்க் குழாயைச் செருகி வளையம் இறுக்குதல், எளிதில் வளைகிறதே என்று செப்புக் குழாய் போடுதல் ஆகிய மூன்றும் கூடாதவை. செம்பு அதிர அதிர இறுகி வெடிக்கும் இயல்புடையது.

அளக்கும் முறையையும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சட்டத்தின் கீழ் ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளின்மீது வண்டியை அமர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது தற்கொலைக்கு ஒப்பாகும். அச்சைச் சிறிது சிறிதாக இறக்கும்போது ஒருவர் குழாயைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நேராகுமுன் நிறுத்த வேண்டும். இரு சக்கரங்களும் ஒருசேரத் தொங்கும் நிலை ஒன்று. ஒரு சக்கரம் மேலேறி மற்றது பள்ளத்தில் இறங்கி, அச்சு சாய்ந்து நிற்கும் நிலை மற்றொன்று. பாறைப் பாதையில் பெரும்பாலும் நேர்வது இரண்டாவதே. நடுவில் உள்ள குழாய் அதில் தப்பினாலும், சக்கரத்தின் அருகில் உள்ள குழாய் தப்பாதிருக்கலாம். முன்சக்கரங்களாயின் ஒவ்வொரு நிலையிலும் ஸ்டீயரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். எந்த நிலையிலும் குழாயில் சிறு வளைவு எஞ்சியிருக்க வேண்டும். அது முறுக்கிக்கொள்ளவும் கூடாது. எதனோடும் உராயவும் கூடாது. கணக்கு நமக்கு வழிகாட்டும். ஆனால் அச்சு நேர்க்கோட்டில் மட்டும் இறங்குவதில்லை, சற்று முன்பின்னாகவும் நகர்கிறது. ஆதலால் இறுதித் தீர்ப்பைக் கண்ணால் கண்டே வழங்க வேண்டும்.

அதே வேளையில், அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே செல்லும் பிற பொருள்களையும் பாருங்கள். கைபிரேக்கின் கம்பி, அச்சின் காற்றுக் குழாய், புதிய வண்டிகளில் சக்கர வேகத்தை உணரும் கருவியின் மின்கம்பி ஆகிய எல்லாவற்றுக்கும் இதே நியதிதான். சில வண்டிகளில் பின்புறச் சுமைக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று உண்டு. அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தைக் கொண்டே அது சுமையை அறிகிறது. வண்டியை உயர்த்தினால், சுமையே இல்லை என்று அது ஏமாந்து பின்பிரேக்கைக் குறைத்துவிடும். அதையும் சரிசெய்தாக வேண்டும்.

குழாயை மாற்றியபின் சுற்றினுள் காற்று புகுந்திருக்கும். திரவம் எளிதில் நெருங்காது, காற்று நெருங்கிவிடும். காற்று இருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்குமேயன்றி அழுத்தம் சக்கரத்தை அடையாது. ஆகவே முறைப்படி அதை வெளியேற்ற வேண்டும். பட்டறைகளில் இதனை 'ஏர் எடுத்தல்' என்பர். பின்னர் மிதியை வலுவாக அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உண்டா என்று நோக்கி, வெற்றுத் தரையில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே சாலைக்குச் செல்ல வேண்டும்.

சட்டத்தையும் ஒரு சொல்லில் நினைவூட்டுவது என் கடமை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே எந்த மாற்றத்துக்கும் முன்னர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது அறிவுடைமை.

நம் நண்பரின் கதையை முடித்துவிடுகிறேன். அன்றே அவர் வண்டியை அங்கேயே நிறுத்தினார். பிளவுபட்ட குழாயைக் கழற்றி எறிந்து, சரியான நீளமுள்ள புதிய குழாயை வாங்கினார். உயர்த்துவதற்கு அவர் செலவிட்ட தொகையில் அது மிகச் சிறு பங்கே. மறுபடியும் வண்டியைத் தொங்கவிட்டு எல்லா நிலைகளிலும் பார்த்தோம். ஒவ்வொரு நிலையிலும் குழாய் மெல்ல வளைந்தே நின்றது. பழைய குழாயை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "வீட்டில் ஆணியடித்து மாட்டப்போகிறேன், ஐயா. மலைக்குப் புறப்படும்போதெல்லாம் என் கண்ணில் படட்டும்" என்றார்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை பொறியாளர்களாக ஆகலாம். வேறு தொழில்களையும் மேற்கொள்ளலாம். எந்த அமைப்பையும் அது அமைதியாக இருக்கும் நேரத்தில் பார்த்து 'போதும்' என்று சொல்லிவிடாதீர்கள். அது எவ்வளவு தூரம் இழுபடும், எவ்வளவு தூரம் அமுங்கும் என்று அதன் எல்லைகளுக்குக் கொண்டுசென்று பாருங்கள். பட்டறையின் சமதரையில் ஒன்றரை அங்குலத் தொய்வு தெரிந்தது. மலைப் பாதையின் பள்ளத்தில் ஓர் அங்குலம் பற்றவில்லை. இவ்விரண்டையும் இணைத்துக் காட்ட ஒரு ஜாக்கியும், ஓர் அளவுகோலும், அரைமணி நேரப் பொறுமையுமே தேவைப்பட்டன.